ஓயும் ஊசலும் ஓயாத அணுவும்



கூடத்து உத்தரத்தில் தொங்கும் ஊஞ்சலைக் காலால் ஒருமுறை உந்திவிட்டுப் பேசாமல் அமர்ந்திருங்கள். முன்னும் பின்னுமாகச் சிறிது நேரம் அது ஆடும். ஆட்டம் வரவரச் சுருங்கும், கடைசியில் அடங்கிவிடும். மீண்டும் ஆடவேண்டுமானால் மீண்டும் உந்தவேண்டும். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாள்தோறும் காண்பதால் வியப்பு நம்மைவிட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். சற்றே நின்று கேட்டால் இரண்டு கேள்விகள் எழும்.

நாம் காலால் உந்திக் கொடுத்த ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றல் அழிவதில்லை என்று பாடப் புத்தகம் சொல்கிறது. அழியாத ஒன்று எப்படித் தொலைந்துபோகும்? இது முதற் கேள்வி. ஆடுகின்ற பொருள் எல்லாம் இவ்வாறு ஓய்ந்துபோவது இயற்கையாயின், நம் உடம்பிலும் நம்மைச் சுற்றியுள்ள கல்லிலும் மரத்திலும் இருக்கும் அணுக்களுக்குள் இயங்கும் எலெக்ட்ரான்கள் மட்டும் ஏன் ஓயவில்லை? இது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வி ஊஞ்சலைப் பற்றியது. இரண்டாவது கேள்வி, நாம் இருப்பதைப் பற்றியது. எலெக்ட்ரான்கள் ஓய்ந்திருந்தால் இக்கேள்வியைக் கேட்க நானும் இல்லை, விடை தேட நீங்களும் இல்லை. ஆகவே இரண்டுக்கும் விடை காண முயல்வோம்.

ஊஞ்சல் தன் வீச்சின் ஓரத்தை அடையும்போது ஒரு கணம் நிற்கிறது. அக்கணத்தில் அதன் ஆற்றல் முழுவதும் அது ஏறி நிற்கும் உயரத்தில் அடங்கியிருக்கிறது. இதனை நிலையாற்றல் என்பர். நடுவிடத்தைக் கடக்கும்போது உயரம் இல்லை, வேகமே உண்டு. அப்போது அவ்வாற்றல் இயக்க ஆற்றலாக இருக்கிறது. சூடான காப்பியை டம்ளரிலிருந்து டவராவுக்கும், டவராவிலிருந்து டம்ளருக்கும் மாற்றி மாற்றி ஊற்றுகிறோம் அல்லவா? அலைவு என்பதும் அத்தகைய மாற்றமே. கைதேர்ந்தவர் ஊற்றினாலும் ஒவ்வொரு முறையும் இரண்டொரு சொட்டுச் சிந்தத்தான் செய்யும். ஊஞ்சலிலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆற்றல் சிறிது சிந்துகிறது. கொக்கி உராய்கிறது, கயிறு வளைந்து நிமிர்கிறது, பலகை காற்றைத் தள்ளுகிறது. இவை யாவும் ஆற்றல் வெளியேறும் வாயில்கள்.

சிந்துவதிலும் ஒரு முறை உண்டு. காற்றைப் போன்ற மென்மையான தடைகளில், கையிருப்பு எவ்வளவோ அதற்கேற்பவே இழப்பும் அமைகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் பத்தில் ஒரு பங்கு ஆற்றல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 என்பது 90 ஆகும்; அடுத்து 81 ஆகும்; அடுத்து ஏறக்குறைய 73 ஆகும். ஏழாவது ஆட்டத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். இருபத்திரண்டாவது ஆட்டத்தில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கும். கூட்டு வட்டி பெருகுவதைத் தலைகீழாக்கினால் இதுவே கிடைக்கும். இக்கணக்கில் ஒரு விந்தை இருக்கிறது. எத்தனை முறை பத்தில் ஒன்றைக் கழித்தாலும் மிச்சம் சிறுத்துக்கொண்டே போகுமேயன்றி ஒருபோதும் பூஜ்யம் ஆவதில்லை. இதனை நினைவில் வையுங்கள்; பின்னர் இதற்கு வருவோம்.

சிந்திய ஆற்றல் காற்றுக்கும் கயிற்றுக்கும் கொக்கிக்கும் சென்று அவற்றின் மூலக்கூறுகளைச் சற்று விரைவாக அசையச் செய்கிறது. அதாவது அவை மிகச் சிறிதளவு சூடேறுகின்றன. ஊஞ்சலில் ஒரே திசையில் ஒழுங்காக ஓடிய இயக்கம் கோடானுகோடி மூலக்கூறுகளின் தாறுமாறான இயக்கமாகச் சிதறிவிடுகிறது. ஆற்றல் அழியவில்லை, திரும்பப் பெற முடியாதபடி பலருக்குப் பங்காகிவிட்டது.

இவ்வாறு ஓய்கின்ற அலைவைக் கொண்டே காற்றின் இயல்பை அளந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர். வாயு என்பது ஓயாது ஓடி மோதிக்கொள்ளும் மூலக்கூறுகளின் கூட்டம் என்று கொண்டு அவர் கணக்கிட்டார். அக்கணக்கு, காற்றின் அடர்த்தியைக் குறைத்தாலும் அதன் உள்ளுராய்வு குறையாது என்று கூறியது. அவருக்கே அது நம்பமுடியாத முடிவாகத் தோன்றிற்று. 1860இல் அதனை வெளியிட்ட அவர், பின்னர்த் தாமே சோதித்துப் பார்க்க முற்பட்டார். இலண்டனில் தம் இல்லத்தின் மேல்மாடியில், எஃகுக் கம்பியில் மூன்று கண்ணாடி வட்டுகளைத் தொங்கவிட்டு, அவை நிலையான வட்டுகளுக்கிடையே இடமும் வலமுமாக முறுகி ஆடும்படி செய்தார். வெப்பநிலை மாறாதிருக்க வேண்டுமே! அதற்காகக் கோடையிலும் அறையில் நெருப்பு மூட்டப்பட்டது. கெண்டிகளில் நீர் கொதித்து ஆவி பரவியது. நெருப்பைக் கவனித்து உடனிருந்து உதவியவர் அவருடைய மனைவி காதரின் மாக்ஸ்வெல். கலத்திலிருந்த காற்றின் பெரும் பகுதியை வெளியேற்றிய பிறகும் வட்டுகள் முன்போலவே ஓய்ந்தன! 1866இல் இம்முடிவு இராயல் சங்கத்தில் அறிவிக்கப்பட்டது.

காரணம் எளிது. மூலக்கூறுகள் பாதியானால் ஆற்றலைச் சுமந்து செல்வோர் பாதியாகிறார்கள். ஆனால் நெரிசலும் குறைவதால் ஒவ்வொருவரும் மோதாமல் இருமடங்கு தொலைவு செல்கிறார்கள். ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. காற்று மிக மிக அரிதாகி, மூலக்கூறுகள் தம்முள் மோதாமலே ஒரு வட்டிலிருந்து மற்றொரு வட்டுக்குச் செல்லத் தொடங்கும்போதுதான் தடை குறையத் தொடங்குகிறது. ஓர் ஊசல் எவ்வாறு ஓய்கிறது என்று பொறுமையுடன் பார்த்ததால், கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகள் உண்மையென நம்புவதற்கு ஒரு சான்று கிடைத்தது.

இழப்பு என்றால் தீமை என்று எண்ணுவது நம் வழக்கம். ஆனால் கோயில் மணியை எண்ணிப் பாருங்கள். நாவினால் அடித்தவுடன் மணியின் உடல் அதிர்கிறது. அவ்வதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதி காற்றில் ஒலியாகப் பரவி நம் செவியை அடைகிறது. மணியின் கணக்கில் அது செலவு. நம் கணக்கில் அதுவே வரவு. எதையும் இழக்காத மணி ஒன்று இருக்குமானால் அது என்றென்றும் அதிர்ந்துகொண்டிருக்கும். ஆயினும் எவர் செவிக்கும் எட்டாது. மணியை ஈயத்தில் வார்த்தாலோ, அடித்தவுடன் தொப்பென்று அடங்கிவிடும். ஈயத்தின் உள்ளே உள்ள உராய்வு ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கிவிடுகிறது. அதே ஈய மணியைத் திரவ நைட்ரஜனில் தோய்த்துக் கடுமையாகக் குளிரவைத்து அடித்தால் கணீரென்று ஒலிக்கும். குளிர் அந்த உள்வாயிலை அடைத்துவிடுகிறது.

இவ்வானொலிப் பேச்சே இழப்பின் பயன்தான். ஒலிபரப்பு நிலையத்துக் கம்பத்தில் எலெக்ட்ரான்கள் நொடிக்குப் பல இலட்சம் முறை முன்னும் பின்னும் ஆடுகின்றன. அவை வெளியே இழக்கும் ஆற்றலே அலையாகப் புறப்பட்டு உங்கள் வீட்டை அடைகிறது. உங்கள் பெட்டியில் கம்பிச் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த ஒரு சுற்று இருக்கிறது. குமிழைத் திருகும்போது அச்சுற்றின் இயல்பான அலைவை நிலையத்தின் அலைவோடு ஒத்திசையச் செய்கிறீர்கள். அச்சுற்றில் இழப்பு மிகுந்தால் அண்டை நிலையங்களின் குரலும் கலந்து ஒலிக்கும். இழப்பு அளவுக்கு மேல் குறைந்தாலோ, பேச்சில் விரைந்து மாறும் ஒலிகளைச் சுற்றினால் தொடர இயலாது. உச்ச ஒலிகள் மழுங்கிக் குரல் தெளிவிழக்கும். இழப்பு வேண்டிய அளவு இருக்கவேண்டும் என்பதே பொறியியலாரின் விதி.

எனவே ஆடும் பொருள் ஒவ்வொன்றையும் நாம் ஒரு கேள்வி கேட்கலாம். உன் கையிருப்புப் பெரும்பாலும் தீர்வதற்குள் எத்தனை முறை ஆடுவாய்? ஊஞ்சல் சில பத்து முறை என்று விடை சொல்லும். நல்ல வெண்கல மணி ஆயிரக்கணக்கில் சொல்லும். அணு என்ன சொல்லும்? ஸோடிய ஆவி விளக்கின் மஞ்சள் ஒளியைப் பார்த்திருப்பீர்கள். கிளர்ச்சியுற்ற ஸோடிய அணு, நொடியை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் 16 கூறு நேரத்தில் தன் மிகை ஆற்றலை ஒளியாக விட்டுவிடுகிறது. இமைப்பொழுதினும் எவ்வளவோ சிறிய நேரம் இது. ஆனால் அதற்குள் அந்த ஒளியலைவு ஏறத்தாழ 80 இலட்சம் முறை நிகழ்ந்துவிடுகிறது. அவ்வளவு நேர்த்தியான மணி அந்த அணு!

இப்போது, நினைவில் வைக்கச் சொன்ன கணக்குக்கு வருவோம். சிறுத்துக்கொண்டே போகும் ஆட்டம் கடைசியில் என்ன ஆகிறது? ஜெர்மானிய இயற்பியலாரான ஆய்கன் காப்ளர் 1931இல் ஒரு நுண்ணிய கண்ணாடித் துண்டை மெல்லிய படிக இழையில் தொங்கவிட்டு, அதன்மேல் பட்டுத் திரும்பும் ஒளிக்கற்றையைப் படச்சுருளில் பதிவு செய்தார். எவரும் தொடாத அக்கண்ணாடி ஓயாமல் சிறிது சிறிதாக அசைந்துகொண்டே இருந்தது. காற்றின் மூலக்கூறுகள் தாறுமாறாக அதன்மேல் மோதுவதே காரணம். ஆற்றல் வெளியே செல்லும் வாயில் எதுவோ, அதுவே உள்ளே வரும் வாயிலும் ஆகும். ஊசலுக்கும் காற்றுக்கும் இடையே நடப்பது கொடுக்கல் மட்டுமன்று, கொடுக்கல் வாங்கல். கையிருப்பு மிகுந்திருக்கும்போது கொடுப்பதே கண்ணுக்குத் தெரிகிறது. குறைந்த பின்பு வரவும் செலவும் சமமாகின்றன. காற்றை வெளியேற்றி வாயிலைக் குறுக்கியபோது காப்ளரின் பதிவில் அசைவின் சாயல் மாறிற்று. ஆயினும் அசைவின் சராசரி ஆற்றல் மாறவில்லை. அதனை முடிவு செய்வது வெப்பநிலை ஒன்றே.

அவ்வாறாயின் வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே போனால் அசைவும் குறைந்து ஒருநாள் முற்றும் நின்றுவிடும் அல்லவா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்பியல் ஆம் என்றே விடை கூறும். இங்கேதான் நம் இரண்டாவது கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

மாஞ்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ரூதர்போர்டு 1911இல் அணுவின் அமைப்பை அறிவித்தார். நடுவே மிகச் சிறிய, கனமான கரு, சுற்றிலும் எலெக்ட்ரான்கள். படம் அழகாகவே இருந்தது. ஆனால் மின்னேற்றம் கொண்ட பொருள் ஆடினாலும் சுழன்றாலும் மின்காந்த அலைகளை வெளியிட்டு ஆற்றலை இழக்கும் என்பது முன்னரே தெரிந்த செய்தி. மாக்ஸ்வெலின் மின்காந்தக் கொள்கையிலிருந்து, எவ்வளவு இழக்கும் என்பதை ஜோசப் லார்மர் 1897இலேயே கணக்கிட்டிருந்தார். வானொலிக் கம்பத்தில் நாம் பயன்படுத்தும் அதே விதி இது. இதனை ஹைட்ரஜன் அணுவுக்குப் பொருத்தினால், அதன் எலெக்ட்ரான் சுருள் சுருளாகக் கருவை நோக்கி விழுந்துவிட வேண்டும். விழ எவ்வளவு நேரமாகும்? ஒரு நொடியைப் பத்தாயிரம் கோடிக் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு கூறுகூட ஆகாது! கணக்கில் பிழை இல்லை. ஆனால் மலை நிற்கிறது, கடல் நிற்கிறது, நாமும் இருக்கிறோம். அப்படியானால் விதியில் ஏதோ குறை இருக்கவேண்டும்.

1913இல் டென்மார்க்கு அறிஞர் நீல்ஸ் போர், அணுவுக்குள் சில குறித்த நிலைகளே உண்டு என்றும், அவற்றுள் மிகத் தாழ்ந்த நிலையில் எலெக்ட்ரான் ஆற்றலை இழப்பதில்லை என்றும் ஒரு விதியை முன்வைத்தார். ஹைட்ரஜன் வெளியிடும் நிறக்கோடுகளுக்கு அவ்விதி வியக்கத்தக்கவாறு பொருந்திற்று. ஆனால் ஏன் அப்படி என்பதற்கு விடை அதில் இல்லை. அவ்விடையின் வாயிலைத் திறந்தவர் பிரான்சு நாட்டு லூயி தெ பிராயி. ஒளி அலையாகவும் துகளாகவும் நடந்துகொள்வதுபோல எலெக்ட்ரானும் அலையாக நடந்துகொள்ளும் என்று 1924இல் அவர் கூறினார். வேகம் மிகுந்தால் அலைநீளம் குறுகும் என்றார். 1927இல் எலெக்ட்ரான் கற்றையைப் படிகத்தின்மேல் செலுத்திப் பார்த்த சோதனைகள் அவர் கூற்றை உறுதிசெய்தன.

எலெக்ட்ரான் ஓர் அலை என்றால், அதனை ஒரு பெட்டியில் அடைப்பது வீணையின் தந்தியை இரு முனைகளிலும் கட்டுவதற்கு ஒப்பாகும். கட்டிய தந்தியில் ஒரு வளைவு பொருந்தும், இரண்டு பொருந்தும், மூன்று பொருந்தும். ஒன்றே கால் வளைவு பொருந்தாது. ஒன்றுக்குக் குறைந்த வளைவும் பொருந்தாது. ஆகவே அடைபட்ட எலெக்ட்ரானுக்கு ஆற்றல் படிப்படியாக அமைகிறது; அப்படிகளில் கடைசிப் படி என்று ஒன்று உண்டு. அந்தப் படியிலும் ஒரு வளைவு இருக்கிறது. வளைவு இருந்தால் அலைநீளம் உண்டு; அலைநீளம் இருந்தால் இயக்கம் உண்டு. எனவே அடைபட்ட துகளுக்கு முழு ஓய்வு என்பது இல்லை. அதற்குக் கீழே படியே இல்லாதபோது அது எங்கே இறங்கும்? இழப்பதற்கு வாயில் திறந்திருந்தும் இழக்கத் தக்கது ஒன்றும் அதனிடம் இல்லை. எர்வின் ஷ்ரோடிங்கர் 1926இல் அமைத்த சமன்பாடு இக்கருத்துக்கு முழு வடிவம் தந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தந்தியைப் பாதியாக்கினால் வளைவும் பாதியாகும். எலெக்ட்ரானின் வேகம் இருமடங்காகும். இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். சிறையைச் சுருக்கச் சுருக்கச் சிறைப்பட்டவனின் துள்ளல் மிகுகிறது. இதைக் கண்ணாலேயே காணலாம். சில ஆயிரம் அணுக்களே கொண்ட நுண்ணிய படிகத் துணுக்குகளில் எலெக்ட்ரான்களை அடைத்தால், ஒரே பொருளே துணுக்கு பெரிதாயின் சிவப்பாகவும் சிறிதாயின் நீலமாகவும் ஒளிர்கிறது. குவாண்டம் புள்ளிகள் எனப்படும் இவற்றுக்காக எக்கிமாவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவர்க்கு 2023இல் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனி ஹைட்ரஜன் அணு ஏன் விழவில்லை என்று சொல்லிவிடலாம். கருவின் மின்கவர்ச்சி எலெக்ட்ரானை உள்ளே இழுக்கிறது. அணுவைப் பாதி அளவுக்குச் சுருக்கினால் கவர்ச்சியால் கிடைக்கும் ஆதாயம் இருமடங்கு. ஆனால் சுருங்கிய சிறையில் இயக்கத்துக்குச் செலுத்தவேண்டிய விலை நான்கு மடங்கு. வரவைச் செலவு மிஞ்சுகிறது. விரிந்தாலோ, இயக்கத்தில் மிச்சமாவதைவிடக் கவர்ச்சியில் இழப்பதே பெரிதாகிறது. இவ்விரண்டும் ஒத்துப்போகும் அளவிலே அணு நிற்கிறது. ஹைட்ரஜனுக்கு அந்த ஆரம் ஒரு சென்டிமீட்டரில் ஏறத்தாழ 19 கோடியில் ஒரு பங்கு. பல எலெக்ட்ரான்கள் சேர்ந்த பருப்பொருள் சுருங்காமல் நிற்பதற்கு மற்றொரு விதியும் துணை வேண்டும். ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் அமரமாட்டா என்று 1925இல் வுல்ஃப்காங் பௌலி கூறிய விலக்கு விதி அது. இவ்விதியின்றிப் பருப்பொருள் நிலைபெறாது என்பதை 1967இல் டைசனும் லெனார்டும் கணித வாயிலாக நிறுவினர்.

இப்படி ஒரு கடைசிப் படி உண்டு என்பதற்குச் சான்று என்ன? நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓனஸ் 1908இல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 269 டிகிரியில் அது திரவமாயிற்று. மேலும் குளிர வைத்தால் உறையவேண்டும் அல்லவா? உறையவில்லை. சுழியளவு வெப்பநிலையை எவ்வளவு நெருங்கினாலும், ஏறத்தாழ 25 மடங்கு வளிமண்டல அழுத்தம் தந்தாலொழிய ஹீலியம் உறைவதில்லை. அழுத்தம் தந்து அதனை முதன்முதலில் உறையச் செய்தவர் அதே நகரத்துக் கேசோம்; ஆண்டு 1926. எடை குறைந்த ஹீலிய அணுக்கள் தம் அண்டையோரிடையே அடைபட்டுள்ளன; வெப்பத்தை எல்லாம் எடுத்துவிட்ட பின்பும் அவற்றின் கடைசிப்படி ஆட்டம் எஞ்சியிருக்கிறது. அவ்வாட்டம் அவற்றை ஓரிடத்தில் அமரவிடுவதில்லை.

இதனினும் நேரான சான்று 1989இல் கிடைத்தது. அமெரிக்காவில் போல்டர் நகரத்து ஆய்வுக்கூடத்தில் டேவிட் வைன்லாண்டும் அவர் துணைவரும், மின்புலத்தால் ஆன பொறியில் ஒரே ஒரு பாதரச அயனியை அடைத்தனர். பள்ளத்தில் உருளும் கோலிக்குண்டைப்போல அது ஆடிற்று. லேசர் ஒளியைச் செலுத்தி அதன் ஆட்ட ஆற்றலைச் சிறிது சிறிதாகப் பறித்தனர். அது கடைசிப் படியை அடைந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? அயனியின் ஆட்டத்திலிருந்து ஒரு படி ஆற்றலைப் பெற்றுக்கொள்ளக்கூடிய ஒளியையும், ஒரு படி ஆற்றலைக் கொடுக்கக்கூடிய ஒளியையும் தனித்தனியே செலுத்திப் பார்த்தனர். கொடுக்க வந்த ஒளியை அயனி ஏற்றுக்கொண்டது. பெற வந்த ஒளிக்கு இசைவது அனேகமாக நின்றுபோயிற்று. கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை என்பதே பொருள்.

கடைசிப் படிக்கு மேலே இருப்பவை இழக்கத்தான் செய்யும். ஆயினும் அந்த இழப்பும் சூழலைப் பொறுத்தது. அணு ஒளியை வெளியிட வேண்டுமானால் அவ்வொளியை ஏற்கும் வெளி அங்கே இருக்கவேண்டும். 1985இல் டேனியல் கிளெப்னர் குழுவினர், கிளர்ச்சியுற்ற ஸீஸிய அணுக்களை, அவை வெளியிடக்கூடிய அலை பொருந்தாத அளவுக்கு நெருங்கிய இரு உலோகத் தகடுகளுக்கிடையே செலுத்தினர். வாயில் அடைபட்டது, அணுக்களின் கிளர்ச்சி ஏறத்தாழ இருபது மடங்கு நேரம் நீடித்தது. பாரிஸில் செர்ஜ் அரோஷ் குழுவினரோ, மிகக் குளிர்ந்த மீக்கடத்தி ஆடிகள் இரண்டுக்கிடையே, மூன்று சென்டிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில், ஒரே ஓர் ஒளித்துகளை அடைத்தனர். அது 0.13 நொடி அளவுக்கு உயிர்த்திருந்ததை 2007இல் அறிவித்தனர். அந்நேரத்தில் அது நூறு கோடி முறைக்கு மேல் இங்குமங்கும் மோதி, உலகை ஒருமுறை சுற்றுவதற்கு ஒப்பான தொலைவு பயணம் செய்துவிட்டது. வைன்லாண்டும் அரோஷும் 2012இல் இயற்பியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மிக மெதுவான இழப்பு ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். விண்வெளியில் தனித்துத் திரியும் ஹைட்ரஜன் அணுவில், எலெக்ட்ரானின் தற்சுழற்சித் திசை மாறும்போது மிகச் சிறிய ஆற்றல் 21 சென்டிமீட்டர் நீளமுள்ள வானொலி அலையாக வெளிவருகிறது. ஓர் அணு தானாக இவ்வாறு மாறுவதற்குச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கும் மேலாகும். எனினும் விண்ணில் ஹைட்ரஜன் அணுக்கள் எண்ணிலடங்கா. 1951இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யூவென், பர்ஸெல் இருவரும் அவ்வலையைக் கேட்டனர். அதைத் தொடர்ந்து சென்றே நம் பால்வீதியின் சுருள் கரங்களை வானியலார் வரைந்தனர்.

நண்பர்களே, இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகும். உலகம் தன்னைப் பற்றி நமக்குச் சொல்வதெல்லாம் இழப்பின் மூலமே சொல்கிறது. மணி இழப்பதால் ஒலி. அணு இழப்பதால் ஒளி. ஆனால் சொல்வதற்கு உலகம் என்று ஒன்று நிலைத்து நிற்கவேண்டுமே! அதற்காகவே இழப்புக்கும் ஓர் அடித்தளம் அமைந்திருக்கிறது. அந்தத் தளத்தின்மேல்தான் கல்லும் கடலும் நாமும் நிற்கிறோம்.

இன்று மாலை ஒரு சிறு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுங்கள். வீச்சுப் பாதியாகக் குறைவதற்குள் எத்தனை ஆட்டம் என்று எண்ணுங்கள். பிறகு, காற்றைத் தள்ளும்படி கல்லோடு ஓர் அட்டையைச் சேர்த்துக் கட்டி மீண்டும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மாக்ஸ்வெல் தம் மேல்மாடி அறையில் செய்ததும் இத்தகைய எண்ணிக்கைதான். ஆட்டம் அடங்கிய பின்பு அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓய்ந்துவிட்டது என்று நாம் எண்ணும் அக்கல்லுக்குள், ஒருபோதும் ஓயாத கோடானுகோடி ஆட்டங்கள் இருக்கின்றன. அவை ஓயாதிருப்பதால்தான் அது உங்கள் கையில் கல்லாக இருக்கிறது.